உறைநிலைக் கருவும் இல்லறத்தார் கொல்லாமையும்

 இம்முறை உங்கள் முன் ஒரு கடிதத்தை வைக்க விரும்புகிறோம். அது நமக்கு வந்த கடிதமன்று.

சென்ற தசலட்சண பர்வத்தின்போது திண்டிவனத்து ஜினாலயத்தில் பிற்பகற் சொற்பொழிவு முடிந்து, பொழுது சாயுமுன் உணவு கொள்ள வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நம்மிடம் பள்ளியிற் பயின்றவளும், ஞாயிறுதோறும் நாம் நடத்திய அறநெறி வகுப்பில் அமர்ந்தவளுமாகிய பெண்ணொருத்தி, நான்கு வயது மகனைக் கையிற் பிடித்தபடி வழிமறித்து நின்றாள். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். நெடுங்காலம் மகப்பேறின்றி இருந்து, சென்னையில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் உதவியால் இம்மகனைப் பெற்றவள் என்பது நாமறிந்ததே. பையிலிருந்து அச்சிட்ட தாளொன்றை எடுத்து நீட்டினாள். அவளுக்கும் அவள் கணவருக்கும் உரிய 5 கருக்கள் அம்மையத்தில் உறைநிலையிற் காக்கப்பட்டு வருகின்றன. அடுத்த ஆண்டுக்கான காப்புக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அல்லது அவற்றை அகற்றிவிடவோ ஆய்வுக்கு அளிக்கவோ இசைந்து கையொப்பமிட வேண்டும். இவ்வளவே செய்தி. கீழே மூன்று சிறு கட்டங்கள். ஒன்றில் குறியிட வேண்டும்.

“டீச்சர், தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கக் கூடாது என்று நீங்கள்தாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். இதில் எந்தக் கட்டத்தில் குறி போடுவது?” என்று கேட்டாள்.

நாம் விடை சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலிற் கற்பித்தது, அறியாத வினாவுக்கு அறிந்தார்போல் விடை கூறாதே என்பதாகும். ‘நாளை வா’ என்றோம். அந்த நாளை பல வாரங்களாக நீண்டது. அவ்வாரங்களிற் படித்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், இக்கருக்கள் எப்படி மிஞ்சுகின்றன என்பதை அறிதல் வேண்டும். இயல்பாகப் பெண்ணுடலில் மாதத்திற்கு ஒரு கருமுட்டை முதிரும். செயற்கைக் கருத்தரிப்பில் 10, 12 நாள்கள் ஊக்க ஊசி செலுத்திப் பல முட்டைகளை ஒரே காலத்தில் முதிரச் செய்கின்றனர். அவற்றை வெளியே எடுத்துக் கணவனின் விந்தணுவோடு ஆய்வகத்தில் சேர்க்கின்றனர். கருவுற்றவற்றை மூன்று முதல் ஐந்து நாள்கள் வளர்த்து, ஒன்றையோ இரண்டையோ கருப்பையில் வைக்கின்றனர். முதல் முயற்சி பலிக்காவிடில் மீண்டும் ஊசி, மீண்டும் மயக்கம், மீண்டும் செலவு என்பதைத் தவிர்க்கவே எஞ்சியவற்றைத் திரவ நைட்ரஜனில் சுழியத்துக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் உறையவைக்கின்றனர். பெண்ணின் உடல்மேற் கொண்ட இரக்கமும் இம்முறைக்கு ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. எஞ்சிய கருக்களை எண்ணி மருத்துவரைக் கொடியவர் என்று பழிப்பது எளிது. அது நீதியன்று.

இக்கலையின் தொடக்கத்தில் நம் நாட்டு மருத்துவர் ஒருவரும் நிற்கிறார். இங்கிலாந்தில் 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ‘துர்கா’ என்று பெயரிடப்பெற்ற பெண்மகவு பிறந்தது. அதற்குக் காரணமானவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. அவர் அக்கருவை 53 நாள்கள் உறையவைத்துப் பின்னர்த் தாயின் வயிற்றில் வைத்தார். உறைநிலைக் கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக மேலைநாட்டார் ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவித்தது 1984ஆம் ஆண்டிலேதான். ஆயினும் மாநில அரசு அமைத்த குழு முகர்ஜியை நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குச் செல்லவும் அவர் விடப்படவில்லை. 1981 ஜூன் 19 அன்று அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். டாக்டர் டி. சி. ஆனந்தகுமார் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து, அவர் செய்தது மெய்யே என்று 1997இல் எடுத்துரைத்தார். அவ்வாறு உரைத்தவரோ, அதுவரை நாட்டின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என்று போற்றப்பட்ட 1986ஆம் ஆண்டு மும்பைக் குழந்தையின் பிறப்பில் பங்குகொண்ட அறிஞர். தமக்குரிய முதலிடத்தைத் தாமே மற்றவர்க்கு விட்டுக்கொடுத்த அவர் செயலை, வாய்மை என்னும் அணுவிரதத்துக்கு எடுத்துக்காட்டாக நம் வகுப்புகளில் சொல்லலாம். தமிழகத்திற்கு இம்முறை 1990இல் டாக்டர் கமலா செல்வராஜ் வழியாக வந்தது. இன்று விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்கினாலே ‘குழந்தையின்மைக்குச் சிகிச்சை’ என்னும் பலகைகள் கண்ணிற்படுகின்றன.

இனி ஆகமத்துக்கு வருவோம். இப்பேச்சு எழுந்தவுடன் நம்மவருட் சிலர், ‘கருமாற்றம் நம் சமயத்துக்குப் புதிதன்று, மகாவீரரின் கருவையே தேவானந்தையின் வயிற்றிலிருந்து திரிசலையின் வயிற்றுக்கு மாற்றினரே’ என்று பெருமிதம் கொள்வர். அது சுவேதாம்பரர் போற்றும் கல்பசூத்திரத்து வரலாறு. நம் திகம்பர மரபு அதனை ஏற்பதில்லை. ஏற்பதாகவே வைத்துக்கொண்டாலும், திரிசலையின் வயிற்றிலிருந்த கரு தேவானந்தையின் வயிற்றுக்குச் சென்றது என்றே அந்நூல் கூறுகிறது. அங்கே ஒரு கருவும் மிஞ்சவில்லை. நம் வினாவோ மிஞ்சியவற்றைப் பற்றியது.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 2ஆம் அத்தியாயத்தில் சம்மூர்ச்சனம், கர்ப்பம், உபபாதம் எனப் பிறப்பு மூவகைப்படும் என்றார். தாயின் கருப்பையிற் பிறப்பது கர்ப்பப் பிறப்பு. ஓருடலை விட்ட உயிர் மிகச் சில சமயங்களுக்குள் அடுத்த பிறப்பிடத்தைச் சென்றடையும் என்பதும் அங்கே கூறப்பட்டது. ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டை அவ்வாசாரியர் எவ்வாறு அறிவார்? ‘கருப்பையில் வைத்த பின்னரே உயிர் வந்து பொருந்தும், அதுவரை அது வெறும் புற்கலமே’ என்று வாதிடுவோர் உளர். அவர்க்கு ஆதாரம் இல்லாமலில்லை. உரையாசிரியர்கள் கர்ப்பம் என்ற சொல்லுக்குப் பெண்ணின் வயிற்றையே இடமாகக் காட்டினர். ஆயின் 53 நாள் உறைந்து கிடந்த கரு துர்காவாக எழுந்ததையும், 1994இல் உறையவைத்த கரு அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் 2025 ஜூலையில் குழந்தையாகப் பிறந்ததையும் கண்ட பின், அக்குளிர்ப் பேழையில் இருப்பது வெறும் புற்கலம் என்று நம்மால் துணிந்து கூற இயலவில்லை. தட்டிலேயே அது பிரிந்தும் பெருகியும் வளர்கின்றதே!

துணிந்து கூற இயலாத இடத்தில் நம் முன்னோர் என்ன செய்தனர்? நீரை வடிகட்டினர். நுண்பெருக்கி தோன்றுதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே, கண்ணுக்குத் தெரியாவிடினும் உயிர் இருக்கலாம் என்ற அச்சத்தால் துணியிட்டு வடித்தனர். அத்தோடு நின்றாரல்லர். வடித்த துணியை அதே கிணற்று நீரில் மெல்ல அலசி, அதிலுள்ள உயிர்களை அவை வந்த இடத்திலேயே சேர்த்தனர். நம் பாட்டியார் விடியற்காலையில் கிணற்றடியில் இதனைச் செய்தது இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. குழாய் நீர் வந்தபின் நம்மில் எத்தனை பேர் இதனைச் செய்கிறோம் என்பது வேறு. வடிகட்டுதல் பாதி அறம். திரும்பச் சேர்த்தல் மறுபாதி. அப்பெண்ணின் 5 கருக்களை எந்தக் கிணற்றில் திரும்பச் சேர்ப்பது?

அவள் வயிற்றிலேயே சேர்க்கலாமே எனலாம். முதற்பேற்றில் இரத்த அழுத்தம் மிகுந்து அவள் பிழைத்ததே அரிதாயிற்று. இன்னொரு பேறு கூடாதென மருத்துவர் எச்சரித்துள்ளார். மேலைநாட்டிற் சிலர் வேறொரு வழி காண்கின்றனராம். கருத்தரிக்க வாய்ப்பில்லாத நாளாகப் பார்த்து அக்கருக்களைத் தாயின் உடலிலேயே வைத்து, அவை தாமே முடியும்படி விட்டுவிடுவர். கேட்டவுடன் நம் மனம் உருகியது. இரவு முழுதும் எண்ணிப் பார்த்தபின் நமக்குத் தோன்றியது வேறு: அது கிணற்றில் திரும்பச் சேர்ப்பதன்று, வற்றிய கிணறு என்றறிந்தே சேர்ப்பது.

‘உண்ணாநோன்பால் உடல் துறத்தலை நம் சமயம் ஏற்கிறதன்றோ? உறைநிலையிலிருந்து எடுத்து இயல்பாக முடியவிடுவதும் அது போன்றதே’ என்றார் ஓர் அன்பர். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் சென்றவர்கள் அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டைக் கண்டிருப்பர். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள்கள் உணவு நீத்து உடல் துறந்தமையை அக்கல் சொல்கிறது. 57 நாள்களும் அவர் அறிந்தே இருந்தார், தாமே மேற்கொண்டார். பிறர்க்காக வேறொருவர் மேற்கொள்ளும் சல்லேகனை என்பதில்லை. விரதமேற்க வாயில்லாத உயிருக்கு நாம் விரதம் பூட்டுதல் முறையன்று.

கொலையில் சங்கல்ப இம்சை, ஆரம்ப இம்சை, உத்தியோக இம்சை, விரோத இம்சை என நான்கு வகை உண்டென்றும், இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டியது சங்கல்ப இம்சை என்றும் கற்றுள்ளோம். மகவு வேண்டிச் செய்த முயற்சியில், வைத்த கரு தங்காமற்போயின் அது உழுகையில் புழு இறப்பது போன்றது, ஆரம்பத்தின்பாற்படும். அதற்காக எப்பெண்ணும் தன்னைக் கொலையாளி என்று நொந்துகொள்ள வேண்டா. ஆயின் கட்டத்தில் குறியிட்டுக் கையொப்பமிடுதல் எவ்வகை? அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில், இம்சையின் வேரை உள்ளத்து விருப்பு வெறுப்புகளில் வைத்தார். அவ்வழி நோக்கின், குறியிடும் கையிலன்று, ‘எத்தனை முட்டை கிடைக்குமோ அத்தனையையும் கருவாக்குங்கள், மிஞ்சினால் பிறகு பார்க்கலாம்’ என்று முதல்நாள் சொன்ன வேட்கையிலேயே வினை தொடங்கிவிடுகிறது. அவ்வாறு சொன்னவள் தானல்லள், தன்னை ஒருவரும் கேட்கவேயில்லை என்றாள் அப்பெண். படிவங்கள் பல, மயக்க மருந்துக்கு முன்னர்க் கணவரும் தானும் வரிசையாகக் கையொப்பமிட்டனராம். கேளாமையும் பிரமாதமே. நம் ஆகமம் பிரமாதம் என்பது இவ்வகை விழிப்பின்மையைத்தான்.

ஆகவே, இது கொல்லாமை விரதத்தோடு, மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தையும் சார்ந்த வினா என்று கண்டோம். நிலத்துக்கும் பொன்னுக்கும் அளவு வைத்துக்கொள்வது போல, கருவுக்கும் சிராவகன் முன்னதாகவே அளவு வைத்துக்கொள்ள வேண்டும். இது நடவாத காரியமன்று. ஜெர்மனியில் 1991 முதல் நடைமுறையிலுள்ள கருப்பாதுகாப்புச் சட்டம், ஒரு சுற்றில் 3 கருக்களுக்கு மேல் வைக்கலாகாது என்றும், அச்சுற்றில் வைப்பதற்கு வேண்டியதை விட மிகுதியான முட்டைகளைக் கருவாக்கலாகாது என்றும் வகுத்தது. இத்தாலியில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றுக்கு மேல் கருவாக்குவதையும், உறையவைப்பதையும் தடுத்தது. அதன் பயன் என்னாயிற்று? பலிக்காத பெண்டிர் மீண்டும் மீண்டும் ஊசிக்கும் மயக்கத்துக்கும் ஆளாயினர். பெண்ணின் உடல்நலத்துக்குக் கேடு என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் அந்த எண் வரம்பை நீக்கியது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலோ, உறைநிலைக் கருவும் குழந்தையே என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பளிக்க, அஞ்சிய மையங்கள் சில சிகிச்சையையே நிறுத்தின. அடுத்த மாதமே அங்குச் சட்டமன்றம் கூடி அம்மையங்களுக்குக் காப்பளிக்க நேர்ந்தது. அரசு ஆணையிட்டு வைக்கும் அளவு வேறு, நோன்பாகத் தாமே வைத்துக்கொள்ளும் அளவு வேறு. முன்னது எல்லார் உடலையும் ஒரே படியால் அளக்கும். பின்னது மனைவியின் வயதையும் உடல்நிலையையும் பார்த்து, மருத்துவரோடு கலந்து வைப்பது.

வேறு வழியும் உண்டு. கருவாக்காத முட்டையையே உறையவைக்கலாம். அவ்வாறு உறைந்த முட்டையிலிருந்து முதற் குழந்தை பிறந்ததைச் சிங்கப்பூரின் மருத்துவர் கிறிஸ்டபர் சென் 1986இல் அறிவித்தார். அன்று அரிதாயிருந்த அம்முறை, இன்று விரைந்து உறையவைக்கும் நுட்பத்தால் எங்கும் நடைபெறுகிறது. இரண்டு மூன்றை மட்டும் கருவாக்கி, எஞ்சியவற்றை முட்டையாகவே வைத்திருந்தால், பின்னர் அவற்றை விட்டுவிடும்போது உள்ளம் இவ்வளவு நடுங்க வேண்டியதில்லை. செலவும் ஆய்வகப் பணியும் சற்றுக் கூடலாம். பலிக்கும் வாய்ப்புச் சற்றுக் குறையலாம். அதனையும் மறைக்காமற் சொல்வதே முறை. தண்ணீர் வடிகட்டவும் நேரம் பிடிக்கத்தான் செய்கிறது.

பிறர் முட்டையைப் பெறுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியொருத்தியை, ஆதார் அட்டையில் வயதை மாற்றிக் காட்டிப் பலமுறை கருமுட்டை விற்கச் செய்த செய்தியை நாளேடுகளிற் படித்தீர்கள். கைதானவருள் அவளைப் பெற்ற தாயும் ஒருத்தி. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், முட்டை வழங்குபவர்க்கு 23 முதல் 35 வயது இருத்தல் வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் வழங்கலாம், 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது என்கிறது. அவர்க்குக் காப்பீடும் செய்தல் வேண்டும். ஆண் பெண் பார்த்துக் கருவைத் தேர்தலையும் அது தடுக்கிறது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம் வாடகைத் தாய் வணிகத்தைத் தடை செய்தது. இவையெல்லாம் நல்லவையே. எனினும் பணம் கொடுத்துப் பெறும் முட்டை எவள் உடலிலிருந்து வந்தது என்று கேளாமல் பெறுதல், திருடர் கொணர்ந்த பொருளை வாங்குவதற்கு ஒப்பாகும். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் அதுவும் ஒன்றென நம் சிறுவரும் அறிவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது மூத்த மாமியார்களுக்கு. பிள்ளை இல்லையேல் நற்கதி இல்லை என்பது நம் சமயக் கொள்கையன்று. தந்தையை நரகினின்று மீட்க மகன் பிறந்து நீர்க்கடன் செய்ய வேண்டும் என்று அருகன் அறம் எங்கும் கூறவில்லை. அவரவர் வினை அவரவர்க்கு. இவ்வேறுபாட்டை நீதிமன்றங்களும் அறிந்திருந்தன. சமண விதவை கணவனின் முன்னிசைவு இன்றியே தத்தெடுக்கலாம் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1878இல் ஏற்றது. அத்தகைய சமயத்திற் பிறந்த பெண்கள், சுமங்கலி நோன்புக்கு அழைக்கப்படாமலும், வளைகாப்பில் முன்வரிசையில் அமர ஒப்பப்படாமலும் குமைவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களை ஊசிக்கும் கடனுக்கும் துரத்துவதில் பாதி, வேட்கையன்று, நம் நாக்கே.

தத்தெடுப்பவர்க்கு நம் காப்பியமே துணை நிற்கிறது. சீவக சிந்தாமணியில் விசயை சுடுகாட்டில் ஈன்ற சீவகனைக் கந்துக்கடன் எடுத்துச் சென்று வளர்த்தான். தன் மகன் இறந்த துயரோடு அங்கு வந்தவன் அவன். சுநந்தை முலையூட்டினாள். பெற்றவளின் மோதிரம் குழந்தையோடு சென்றது. வளர்ந்தபின் அச்சணந்தி ஆசிரியர் அவனுக்குப் பிறப்பை உரைத்தார். அறிந்தபின்னும் சீவகன் வளர்த்தவர்க்கு மகனாகவே இருந்தான். பிறர் முட்டையாலோ விந்தணுவாலோ பிள்ளை பெற்று, அதனை வாழ்நாள் முழுதும் ஒளிக்க எண்ணும் பெற்றோர் இப்பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

இவ்வளவும் எண்ணியபின், அப்பெண்ணை வரச்சொல்லி ஆளனுப்பினோம். விழுப்புரத்திலிருந்து கணவரோடு வந்தாள். அழிக்கவோ ஆய்வுக்கு அளிக்கவோ குறியிடு என்று சொல்ல நம் நா எழவில்லை என்பதை முதலிற் சொன்னோம். நடந்ததற்காக அருகன் திருமுன் ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் செய்யுங்கள். ஆனால் அழுது மகனை அச்சுறுத்தாதீர்கள் என்றோம். பிள்ளையற்ற வேறு தம்பதியர்க்கு அக்கருக்களை அளிக்கலாமா என்று கணவர் கேட்டார். நமக்கு அது நல்லதாகவே தோன்றியது. பிறந்திடம் வேறாயினும் உயிர்க்குப் பிறப்புக் கிடைக்கிறதன்றோ? சட்டம் எவ்வளவு இடந்தரும் என்பதை வழக்குரைஞரிடமும், தங்கள் மனம் எவ்வளவு இடந்தரும் என்பதைத் தங்களிடமும் கேட்டு வரும்படி சொன்னோம். இதில் அப்பெண் கணவரைப் போல் விரைந்து தலையசைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அவளுடைய தங்கைக்கும் இப்போது இதே சிகிச்சை தொடங்க இருக்கிறதாம். எத்தனை முட்டைகளைக் கருவாக்கப்போகிறார்கள் என்று கேட்டாளா என்றோம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவள் தாழ்வாரத்துக்கு எழுந்து சென்று, அப்போதே தங்கையைத் தொலைபேசியில் அழைத்தாள். நெடுநேரம் பேசினாள். அதற்குள் சிறுவன் நம் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, பாடம் நடத்தத் தொடங்கிவிட்டான்.

சட்டப்படி கருக்களைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்க இயலாது. அவர்களுக்கு இன்னும் 5 ஆண்டுகள் உள்ளன. இவ்வாண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டனர்.